பதிவேட்டில் எழுதாத காரணம்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிற ஒருவரிடம் ஆலோசகர் கேட்டறிய வேண்டிய விஷயங்கள் சில உண்டு. வாழ்க்கைத் துணையைத் தவிர வேறு எவருடனாவது உறவு உண்டா, போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டதுண்டா, எப்போதாவது பிறர் இரத்தம் செலுத்தப்பட்டதா, பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று ஒவ்வொன்றாக வினவி, கிடைத்த விடைகளைப் பதிவேட்டில் குறித்து, அவற்றைக் கொண்டு எதிரே அமர்ந்திருப்பவருக்குள்ள ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த முறை. முறையில் குற்றமில்லை. ஆயினும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடகோடியில், கர்நாடகமும் ஆந்திரமும் இரு பக்கமும் நெருங்கி நிற்கும் வேப்பனப்பள்ளி வட்டாரத்துப் பெண்களோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசிய பிறகு, நோய் உறுதியான பெண்களில் மிகப் பலர் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று உண்மையாகவே விடை சொன்னவர்கள் என்பதையும், அவர்களுக்கு வந்த ஆபத்தின் காரணத்தை அவர்களுடைய நடத்தையில் தேடுவது வீண் என்பதையும், அந்தக் காரணம் அவர்களுக்கு வாய்த்த விவாகத்திலேயே இருந்தது என்பதையும் சந்தேகமின்றிச் சொல்லும் நிலைக்கு நான் வந்திருக்கிறேன்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்திராதவர்களுக்கு அந்தப் பூமியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மார்கண்டேய நதி கர்நாடகத்திலிருந்து இறங்கிவந்து தென்பெண்ணையில் கலக்கப் போகும் வழியில் உள்ள நாடு அது. கேழ்வரகும் மாவும் தக்காளியும் விளையும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டுக் கூரையின் கீழ் வழங்கும். மாமியாரிடம் தெலுங்கில் பேசும் மருமகள் பிள்ளைக்குப் பாடம் சொல்வது தமிழில். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அவள் கணவன் மேஸ்திரியோடு பேசுவது கன்னடத்தில். ஒரு பக்கம் போனால் சிறிது தூரத்தில் ஆந்திரம் வந்துவிடும். பேரிகைப் பக்கம் போனால் கர்நாடகம். தெற்கே கிருஷ்ணகிரியோ சென்னை, பெங்களூர், சேலம், புதுச்சேரி, குப்பம் என்று நாலா திசைச் சாலைகளும் வந்து கூடும் இடம். இம்மாவட்டத்துக் குன்றுகளை அறுத்தெடுத்த கிரானைட் கற்கள் சென்னைத் துறைமுகம் நோக்கிப் போகின்றன. மாங்கூழ் டப்பாக்கள் போகின்றன. தக்காளிக் கூடைகள் போகின்றன. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தபின் ஓசூரிலிருந்து வண்டிகளும் உதிரிப் பாகங்களும் இராப்பகலாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஏற்றிச் செல்பவர்களும், கல் உடைப்பவர்களும், பெங்களூரில் கம்பி கட்டிச் சென்ட்ரிங் அடிப்பவர்களும் இந்த ஊர்களின் கணவர்கள். பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு முறை கையில் பணத்தோடு வீடு திரும்புகிற கணவனுக்காகக் காத்திருப்பதே தாம்பத்தியம் என்று இங்குள்ள எத்தனையோ பெண்கள் பழகிப் போயிருக்கிறார்கள்.

இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா செல்லப்பன் என்னும் மாணவி, பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடமிருந்து ஏறத்தாழ நூறு இரத்த மாதிரிகளைச் சேகரித்து, அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தபோது அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. அந்த இரு பெண்மணிகளின் துணிவும் உழைப்பும் என்றும் போற்றத் தக்கவை. ஆனால் செய்தியைக் கேட்ட நாடு அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறாக இருந்தது: இது ‘அப்படிப்பட்ட’ பெண்களின் நோய், குடும்ப ஸ்திரீகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஜனங்கள் நிம்மதியாக எண்ணிக்கொண்டார்கள். பின்னர் லாரி ஓட்டுநர்கள் பக்கம் பார்வை திரும்பியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. நெடுஞ்சாலை ஓரங்களில் ஆணுறை விநியோகமும் சிகிச்சை முகாம்களும் நடந்தன. புள்ளிராஜா என்ற கற்பனை மனிதனுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர்தோறும் எழுப்பப்பட்ட கேள்வி தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்தப் பிரசாரம் நல்ல காரியத்தைச் செய்தது என்பதே என் அபிப்பிராயம். எனினும், புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்ற கேள்வி எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை.

விடையோ அதற்கு முன்பே கிடைத்திருந்தது. புனே நகரத்துப் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களை ஆராய்ந்தவர்கள், கணவனைத் தவிர வேறு எவரையும் அறியாத மணமான பெண்களிடையே இந்நோய் பரவிக்கொண்டிருப்பதை 1997-இல் வெளியிட்டார்கள். சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்துக்குச் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து 2000-இல் வெளியான கட்டுரையும் அதையே சொன்னது: அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசிகள், ஆயுளில் ஒரே ஒரு ஆடவனோடு, பெரும்பாலும் கணவனோடு, வாழ்ந்தவர்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா, தம் கணவரிடமிருந்தே தமக்குத் தொற்றியது என்பதை மறைக்காமல் ஊரறியச் சொல்லி, தம்மைப் போன்ற சில பெண்களுடன் சேர்ந்து 1998-இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அந்த எண்ணிக்கைகளுக்கு ஒரு முகமும் குரலும் உண்டாயின. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டது எனக்கு எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அதிகமாகக் கற்றுக் கொடுத்தது.

அமெரிக்கப் பெருநகரங்களின் உட்பகுதிகளில் வறுமையில் உழலும் பெண்களைப் பற்றி அந்நாட்டு வைத்தியர்கள் எழுதியவற்றை நான் தேடிப் படித்ததுண்டு. நியூயார்க், மயாமி, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, புகைத்து உட்கொள்ளும் ‘கிராக்’ என்னும் கொக்கெய்ன் பழக்கத்துக்கு ஆளான பெண்கள், அதற்காகவும் பணத்துக்காகவும் உடலைக் கொடுக்க நேர்ந்து, அதன் வழியாக இந்நோய்க்கு இலக்கானதை விளக்கியது. நம் ஊர்ப் பெண்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அங்கேயும் அந்தத் தொடக்க ஆண்டுகளில் வேறொரு கூட்டத்தார் இருந்தார்கள்: தம் துணைவன் போதை ஊசி போடுகிறவன் என்பதே தெரியாமல் அவனுடன் குடும்பம் நடத்தி, அவனிடமிருந்து பெற்றவர்கள். அந்தப் பெண்களையும் வேப்பனப்பள்ளிப் பெண்களையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் பாஷை வேறாக இருக்கலாம். நோய் வந்த வழி ஒன்றாகவே இருக்கும்.

இனி, விவாகத்தில் ஆபத்து எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முதலாவது வயது. பதினெட்டு நிறைவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது சட்ட விரோதம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இம்மாவட்டத்தில் அந்த வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தாய்மாமனுக்கோ தூரத்து உறவினனுக்கோ கொடுக்கப்படும் பெண், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளாக இருப்பாள். மாப்பிள்ளை அவளைவிட எட்டு, பத்து வயது மூத்தவன், லாரியில் கிளீனராக ஏறி ஓட்டுநராகி எத்தனையோ ஊர்களின் இரவுகளைப் பார்த்துவிட்டவன். நிலம் எத்தனை ஏக்கர், போர் போட்டால் தண்ணீர் வருமா, குடிப்பானா என்றெல்லாம் விசாரிக்கும் பெண்வீட்டார், அவன் இரத்தத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. உறவுக்காரப் பையன் என்பதாலேயே விசாரணை இன்னும் குறைந்துபோகிறது. இதனோடு உடலின் இயல்பும் சேர்கிறது. ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பது வைத்தியர்கள் கணிப்பு. கர்ப்பப்பையின் வாய் முற்றாத சிறுமிக்கோ அந்த ஆபத்து இன்னும் அதிகம். மேலும், கிருமி புதிதாக உள்ளே புகுந்த முதல் சில வாரங்களில்தான் அது இரத்தத்தில் மிகப் பெருகியிருக்கும். அந்த வாரங்களில் அவனுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கு ரசம் வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்பவள் மனைவிதானே?

இரண்டாவது, வெள்ளை படுதல். எங்களிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் இதைப் பற்றித் தாமாக வாய் திறப்பதில்லை. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், அடிவயிற்று வலியையும் எரிச்சலையும் பெண்ணாய்ப் பிறந்ததன் கூலி என்று பொறுத்துக்கொண்டு களை பறிக்கப் போய்விடுவார்கள். அதில் ஒரு பகுதி இயற்கையானது, பயப்பட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் நிறம் மாறி, நாற்றமடித்து, புண்ணோடு வருவது கணவன் கொண்டுவந்த பால்வினை நோயாக இருக்கக்கூடும். புண்ணும் அழற்சியும் உள்ள இடத்தில் எச்.ஐ.வி. புகுவது மிக எளிது. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று தனியாக ஒன்று வைத்து, அறிகுறிக்கு ஏற்ப வெவ்வேறு நிறப் பொட்டலங்களில் மருந்து கொடுக்கிறார்கள்; கணவனுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் விழுங்கி, அடுத்த மாதம் அதே நோயோடு திரும்பி வந்த பெண்கள் பலரை நான் அறிவேன். மாத்திரையை நீட்டினால் ‘இது எதற்கு?’ என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு அவளால் சொல்லக்கூடிய விடை எதுவும் இல்லை.

மூன்றாவதாக நான் சொல்லப் போவது பலருக்கு வியப்பாக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு அடைந்த வெற்றியை நாடே புகழ்கிறது. இரண்டாவது பிரசவம் ஆனவுடன், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள்ளாகவே, பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டு விடுகிறாள். ஆடவர் செய்துகொள்வது மிகச் சொற்பம். அதன்பின் குழந்தை பிறக்குமோ என்ற பயம் வீட்டில் இல்லை. பயம் இல்லாத இடத்தில் ஆணுறைக்கு வேலை இல்லை. 1968-இலேயே நிரோத் என்ற பெயரில் அரசு மலிவாகக் கொடுக்கத் தொடங்கிய பொருள், தம்பதிகளின் அறையை விட்டு இவ்வாறு விலகிப் போய், விலைக்கு வாங்கும் உறவின் அடையாளமாக மட்டும் ஜனங்கள் மனத்தில் நின்றுவிட்டது. கணவனிடம் அதைக் கேட்பதென்றால் ஒன்று அவனைச் சந்தேகிப்பதாக ஆகும், அல்லது தன்னையே சந்தேகத்துக்கு ஆளாக்கிக்கொள்வதாக ஆகும். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “அதப் போட்டுக்கன்னு சொன்னா, நீ எவங்கிட்டப் போயிட்டு வந்தன்னு கேப்பாரு மேடம். பதிலு சொல்றதுக்கு முன்னாடி அடி விழும்.” குடித்துவிட்டு வரும் கணவனை மறுக்க அவளுக்குச் சட்டமும் துணை நிற்பதில்லை, பதினெட்டு வயது நிறைந்த மனைவியை அவள் சம்மதமின்றிக் கணவன் கூடுவதை நம் குற்றவியல் சட்டம் இன்றளவும் பலாத்காரமாகக் கருதுவதில்லை. உபதேசம் செய்ய வருகிறவர்கள், ‘கணவனிடம் எடுத்துச் சொல்லுங்கள்’ என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும்.

நான் அதிகமாகச் சொல்ல விரும்பும் விஷயம் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் பரிசோதனையைப் பற்றியது. கர்ப்பமானவுடன் எல்லாப் பெண்களுக்கும் இரத்தம் பார்ப்பது மிக நல்ல ஏற்பாடு. மருந்தில்லாவிட்டால் நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குத் தொற்றிவிடும் என்றிருந்த காலம் போய், தாய் ஒழுங்காக மருந்து உண்டால் அந்த ஆபத்து நூற்றில் ஓரிரண்டாகக் குறைந்துவிடும் என்ற காலம் வந்திருப்பதற்கு அந்த ஏற்பாடே காரணம். ஆனால் அதற்கு எவரும் எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. ஆடவனுக்கு இரத்தம் பார்க்கக் கர்ப்பத்தைப் போன்ற ஒரு சந்தர்ப்பம் வாழ்நாளில் வருவதில்லை. ஆகையால் குடும்பத்தில் இந்நோய் இருப்பதாக முதலில் தெரியவருவது மருமகளுக்கே. கண்டறியப்பட்ட வரிசையையே தொற்றிய வரிசையாகக் குடும்பம் எடுத்துக்கொள்கிறது. நேற்று வந்தவள் கொண்டுவந்த பீடை என்று முடிவு கட்டிவிடுகிறது. கணவன் இறந்த பிறகு இந்த முடிவு இன்னும் கொடூரமாகிறது. நிலத்தில் பங்கு கேட்பாளே என்ற பயமும் சேர்ந்துகொள்ள, அவளைப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு அனுப்புவதற்கு நோய் ஒரு சாக்காகிவிடுகிறது.

இதைத் தடுப்பதுதான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம் எல்லாம் தேவைப்படும் இடம். பரிசோதனை முடிவு வந்த பிறகு கணவனை வரச் சொல்லி ஆள் அனுப்பினால், அனுப்பிய செய்தியே ஊருக்கு விஷயத்தைச் சொல்லிவிடும். அதனால், முதல் முறை இரத்தம் கொடுக்க வரும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், கிராமத்து நர்சம்மா மூலமாகவும், ‘அடுத்த தடவை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டி வரணும், எல்லாருக்கும் இதுதான் வழக்கம்’ என்று சொல்லிவைப்பது எனக்கு விதியாயிற்று. எல்லோருக்கும் சொன்னால் ஒருத்தியைச் சுட்டிக்காட்டியதாகாது. இருவரும் சேர்ந்து வந்து, சேர்ந்தே ஆலோசனை கேட்டு, இருவர் விரலிலும் ஒரே நாளில் இரத்தம் எடுத்தால், முதலில் வந்தது யாருக்கு என்ற கேள்வியின் கூர்மை பாதி மழுங்கிவிடும். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், முடிவைத் துணைக்குச் சொல்வதால் பெண்ணுக்கு அடியோ கைவிடப்படுதலோ நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் சொல்லலாகாது என்று எங்களைத் தடுக்கிறது. கூடி வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையையும் அவளுக்குக் கொடுக்கிறது. அச்சட்டம் வருவதற்கு முன் நாங்கள் மனச்சாட்சியை மட்டும் நம்பிச் செய்தவற்றுக்கு இப்போது எழுத்தில் பலம் கிடைத்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை இங்கே குறிப்பிட்டால் பொருத்தமாக இருக்கும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். இரண்டாவது கர்ப்பம், பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. வெளியே பெஞ்சில் மாமியார். கணவன் கிரானைட் லாரி ஓட்டுபவன், அன்று தற்செயலாக ஊரில் இருந்ததால் உடன் வந்திருந்தான். மூன்று வகைப் பரிசோதனையிலும் இருவருக்குமே தொற்று உறுதியாயிற்று. முதலில் அவளிடம் தனியாகப் பேசினேன். அவள் அழவில்லை, குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டாள். மருந்து உண்டு, குழந்தையைக் காப்பாற்றலாம் என்று விளக்கிய பிறகு, வீட்டில் யாருக்குச் சொல்வது என்பதை அவளும் கணவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று அவனையும் அழைத்து உட்கார வைத்தேன். தாய்க்குச் சொல்லாமல் மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று அவனே சொன்னான். மாமியார் உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும், எதிர்பார்த்த சொல்லையே சொன்னாள்: “எம்புள்ள கல்லு மாதிரி இருக்கான். வந்தவகிட்டதானே வந்திருக்கும்?” நான் அவளிடம், “கல்லு மாதிரி இருக்கிறவங்க ரத்தத்துலயும் இது எட்டு வருஷம் பத்து வருஷம் பேசாம இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்த்தேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தெலுங்கில், தாயின் முகத்தைப் பார்க்காமலே, இவள்மேல் தவறில்லை என்றும், தனக்குத்தான் முதலில் வந்திருக்கும் என்றும் சொன்னான்.

அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயால் அவன் தாயிடம் சொல்லவைக்க முடிந்ததா இல்லையா என்பதை வைத்தே என் தொழிலின் வெற்றியை நான் அளந்து வந்திருக்கிறேன். அதைச் சொன்ன ஆடவர்களின் வீடுகளில் மனைவிமார் இன்றும் அதே அடுப்பில் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லாமல் மௌனம் சாதித்தவர்களின் மனைவிமார் பலரை நான் அவர்களுடைய தாய்வீட்டு முகவரியில்தான் பின்னர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இளம் ஆலோசகர்கள் என்னிடம் பயிற்சிக்கு வரும்போது, இரத்த முடிவைச் சொல்லும் விதத்தை அவர்கள் விரைவில் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். குற்றம் சாட்டாமலும் அவமானப்படுத்தாமலும் ஓர் ஆண்மகனை உண்மையின் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்பதை அவர்கள் கற்க நீண்ட காலம் ஆகிறது. அவனும் அந்த நேரத்தில் சாவுக்குப் பயந்துகொண்டிருக்கும் ஒரு நோயாளி என்பதை மறக்கிறவர்களால் அது முடியாது.

தனித்து வாழும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவர்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும் கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் சித்தாளாகச் சேர்கிறார்கள். அங்கே நாளைக்கு வேலை உண்டா என்பது மேஸ்திரியின் தயவைப் பொறுத்தது. அந்தத் தயவுக்கு விலை கேட்கப்படுவதும், அதைக் கொடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லாத பெண் நாளடைவில் அந்த உறவையே ஒரு பாதுகாப்பாக எண்ணிச் சார்ந்துவிடுவதும் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் சங்கதிகள். பதிவேட்டில் இவளுக்கு ‘வேறு ஆடவர் உறவு’ என்ற இடத்தில் குறி விழும். அந்தக் குறிக்குப் பின்னால் உள்ள பட்டினி அங்கே எழுதப்படாது. இவளை ஒழுக்கம் தவறியவள் என்று ஒரு வரியில் தீர்த்துவிடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

சிகிச்சையின் கதை இவற்றையெல்லாம்விட ஆறுதலானது. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, இப்பக்கத்து நோயாளிகள் தாம்பரம் வரை பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு அந்தப் பிரயாணமே பாதி நோய். இப்போது மருந்து கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருந்து மருந்து கொடுக்கும் பழைய முறை 2017-இல் கைவிடப்பட்டு, தொற்று உறுதியானவுடனே எல்லோருக்கும் தொடங்கப்படுகிறது. 2011-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் கவனித்து, மருந்தை உடனே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. சென்னையும் புனேயும் அதில் பங்குகொண்ட நகரங்கள். தமிழ்நாட்டுத் தம்பதிகள் கொடுத்த இரத்தத்தாலும் உலகம் இதை அறிந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கணவனின் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், அது நீடிக்கும்வரை மனைவிக்கு அவனிடமிருந்து தொற்றாது. இதுநாள்வரை அவனிடம் கேட்க முடியாத ஒன்றைச் சார்ந்திருந்த அவள் பாதுகாப்பு, இப்போது அவன் இரவில் விழுங்கும் ஒரு மாத்திரையைச் சார்ந்து நிற்கிறது. அதை அவளால் கேட்க முடியும். ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று மனைவி கேட்டால் எந்தக் கணவனும் கையை ஓங்குவதில்லை.

ஓசூர்த் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் இப்பக்கத்துக் கிராமங்களுக்கே வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் காலம் இது. தன் பெயரில் வங்கிக் கணக்கும் கையில் தொலைபேசியும் உள்ள அந்தப் பெண்களில் சிலர், திருமணம் நிச்சயமான பிறகு என்னிடம் வந்து, மாப்பிள்ளைக்கு இரத்தம் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவனைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, கட்டாயம் நல்லதும் அல்ல. ஆனால் ‘நானும் பார்த்துக்கொள்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை என்று நான் விளக்குகிறேன். ஒரு முறை தொற்றில்லை என்று வந்தால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது, அண்மையில் புகுந்த கிருமி மூன்று மாதம்வரை சோதனையில் தெரியாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நேரில் வரக் கூச்சப்படுகிறவர்களுக்கு 1097 என்ற இலவச எண்ணைக் கொடுக்கிறேன்.

எனக்கு நெடுநாளாக ஒரு கோரிக்கை இருக்கிறது. அதிகாரிகள் கூடும் இடங்களில் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். நாங்கள் பரிசோதனை மையத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் பெண்கள் வரக்கூடிய நேரம். லாரியிலும் குவாரியிலும் பெங்களூர்க் கட்டடங்களிலும் வேலை செய்யும் ஆடவன் ஊரில் இருப்பது ஞாயிற்றுக்கிழமையிலும் பண்டிகை நாட்களிலும். அன்று எங்கள் கதவு பூட்டியிருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது, காலை எட்டு மணி முதல் ஒரு மணி வரை, ஆலோசகரும் பரிசோதனைக்கூடப் பணியாளரும் இருந்து கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து இரத்தம் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு ஈடாக வாரத்தில் வேறொரு நாள் எங்களுக்கு விடுப்புக் கொடுத்தால் போதும். கூடுதல் சம்பளம் கேட்கவில்லை.